ஓவர்டிரைவ் பெடலின் மிதி சுவிட்ச்: காலை வைத்திருக்கும்வரை மட்டும் ஒலிக்க வைக்கலாமா?

2025 ஜனவரி 18, காலை. கொக்குவில் வாசகர் கேட்டது:

"அண்ணா, கலியாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் வாசிக்கும் இசைக்குழுவில் நான் லீட் கிற்றார். பாட்டு முழுவதும் ஓவர்டிரைவ் (கிற்றாரின் ஒலியைத் தடிக்க வைக்கும் பெடல்) வேண்டாம். பாடகர் ஒரு வரியை முடித்ததும் வரும் சிறிய பதில் துண்டுகளுக்கு மட்டும் வேண்டும். ஒருமுறை மிதித்துப் போட்டு, மறுமுறை மிதித்து நிறுத்துவதற்குள் அடுத்த வரி தொடங்கிவிடுகிறது. இருக்கும் சுவிட்சைக் கழற்றிவிட்டு, காலை எடுத்ததும் தானாகத் திரும்பும் சுவிட்சைப் போட்டால் போதும் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். சரிதானே?"

2025 ஜனவரி 18, பிற்பகல்

நண்பர் சொல்வது ஒருவகைப் பெடலுக்குப் பொருந்தும். இன்னொரு வகைக்குச் சற்றும் பொருந்தாது. முதலில் பின்மூடியின் திருகாணிகளைக் கழற்றிப் பாருங்கள். சுவிட்சின் அடியில் மூன்று மூன்றாக ஒன்பது உலோகக் கால்கள் தெரிந்தால், கிற்றாரின் ஒலியே அந்தச் சுவிட்சுக்குள்ளால் ஓடுகிறது என்று பொருள். நடுவில் இருக்கும் மூன்று கால்கள் பொதுவானவை. ஒரு தொகுதி உள்ளே வரும் ஒலியையும், இன்னொன்று வெளியே போகும் ஒலியையும், மூன்றாவது எல்இடி விளக்கையும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாற்றுகின்றன. இதே உருவில், அதே 12 மில்லிமீற்றர் துளையில் உட்காரும்படி, விட்டால் திரும்பும் சுவிட்சும் விற்கிறார்கள். கம்பிக்குக் கம்பி மாற்றினால் நண்பர் சொன்னது நடக்கும்.

பெடலின் முன்பாதி ஒரு தட்டாக அழுந்தி, அதன் கீழே சிறிய பொத்தான் ஒன்று இருந்தால் கதை வேறு. 1977இல் வந்த போஸ் ஓடி-1 தொடங்கி அந்த நிறுவனத்தின் சிறிய பெடல்கள் பெரும்பாலும் இப்படித்தான். ஐபனேஸ் டியூப் ஸ்கிரீமரும் இப்படித்தான். அந்தப் பொத்தான் ஏற்கெனவே விட்டால் திரும்பும் வகை. அதை மாற்றி எதுவும் ஆகப்போவதில்லை. நிலையை நினைவில் வைத்திருப்பவை பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு டிரான்சிஸ்டர்கள். ஒன்று திறந்திருந்தால் மற்றது மூடியிருக்கும். பொத்தானிலிருந்து ஒரு துடிப்பு வந்ததும் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். இந்தச் சோடியை ஃபிளிப்-ஃபிளாப் என்பார்கள்.

உங்களிடம் இருப்பது எது?

2025 ஜனவரி 18, இரவு

ஒன்பது கால் சுவிட்ச்தான் என்று எழுதியிருக்கிறார். உள்ளூரில் ஒருவர் கட்டிக்கொடுத்த பெடலாம். நல்லது, இடம் தாராளமாக இருக்கும்.

சோல்டரிங் அயனை எடுப்பதற்கு முன் ஒரு விஷயம். இந்தச் சுவிட்சின் கால்கள் பிளாஸ்டிக்கில் பதிந்திருக்கின்றன. ஒரு காலில் சூட்டை நீண்ட நேரம் வைத்தால் பிளாஸ்டிக் இளகி, உள்ளே இருக்கும் தொடுகை சரிந்துவிடும். வெளியே பார்க்கும்போது ஒன்றும் தெரியாது, மேடையில்தான் தெரியும். ஒரு காலுக்கு மூன்று செக்கன் போதும். அடுத்தடுத்த கால்களில் தொடர்ந்து வேலை செய்யாமல், ஒரு மூலையில் ஒன்று, எதிர் மூலையில் ஒன்று என்று மாறி மாறி வையுங்கள்.

2025 ஜனவரி 21

வாங்கும் முன் இன்னொன்றையும் யோசியுங்கள். இதை மதியம் எழுதத் தொடங்கி, இரவில்தான் முடிக்கிறேன்.

விட்டால் திரும்பும் சுவிட்சை நானும் ஒரு காலம் பாவித்தேன். பதில் துண்டுகளுக்கு அதைப்போல சுகமானது வேறில்லை. கால் இறங்கினால் ஒலி தடிக்கிறது, ஏறினால் மெலிகிறது; கணக்குப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் நீண்ட தனி வாசிப்பு வந்ததும் உடம்பு மாட்டிக்கொள்கிறது. ஒரு காலால் சுவிட்சை அழுத்திப் பிடித்தபடியே நிற்க வேண்டும். எடை முழுவதும் மறு காலில். இடுப்பு திரும்பிவிடுகிறது, இடது கையின் மணிக்கட்டுக் கோணம் மாறுகிறது, மேல் தந்திகளை வளைக்கும்போது சுருதி பிசகுகிறது.

நம் ஊரில் இதற்கு மேல் ஒரு சங்கதி உண்டு. கோயில் வீதியில் மேடை போட்டால் பாதணியைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுகிறோம். வெறும் பெருவிரலால் அந்த இரும்புக் குமிழை அழுத்திப் பார்த்தவருக்குத்தான் அதன் வில் எவ்வளவு கடினம் என்று தெரியும். கடற்கரை ஊர்களில் வாசித்துவிட்டு வந்த பெடலில் குமிழின் விளிம்பு உப்புப் பூத்துச் சொரசொரப்பாகிவிடும். அது தோலைக் கீறும். பெடல் செய்யும் பெரிய நிறுவனங்கள் எல்லாம் தடித்த சப்பாத்தை மனதில் வைத்தே இந்தச் சுவிட்சைத் தெரிவு செய்கின்றன என்று நினைக்கிறேன்.

ஆகவே எனக்கு வேண்டியவை மூன்று: மெதுவாக அழுந்தும் சுவிட்ச். தட்டினால் நிலைக்க வேண்டும். பிடித்திருந்தால், பிடித்திருக்கும்வரை மட்டும் இருக்க வேண்டும். மூன்றும் ஒரே குமிழில்.

2025 ஜனவரி 22

மானிப்பாயிலிருந்து ஒருவர்: "என்னிடம் இருப்பது டிஎஸ்9. எனக்கு வழியே இல்லையா?"

இருக்கிறது, மிக மலிவான வழி. டிஎஸ்9 என்பது மேலே சொன்ன ஐபனேஸ் டியூப் ஸ்கிரீமரில் ஒரு வகை. அதிலுள்ள ஃபிளிப்-ஃபிளாப்பின் ஒரு டிரான்சிஸ்டரின் கலெக்டரை (அதன் மூன்று கால்களில் ஒன்று) சுற்றின் நிலக் கம்பியோடு (கிரவுண்ட்) தொட வைத்தால், சுற்று அந்தப் பக்கம் சாய்ந்து அங்கேயே நிற்கும். மற்றக் கலெக்டரைத் தொட வைத்தால் எதிர்ப்பக்கம் சாயும். கலெக்டரின் மேலே பெரிய ரெசிஸ்டர் இருப்பதால் ஓடும் மின்னோட்டம் ஒரு மில்லியம்பியரின் சிறு பங்குதான், எதுவும் எரியாது.

இப்போது மூன்று தொடுகை உள்ள, விட்டால் திரும்பும் சுவிட்ச் ஒன்றைத் தனிப் பெட்டியில் வையுங்கள். பொதுத் தொடுகை நிலத்துக்கு. ஓய்வில் மூடியிருக்கும் தொடுகை ஒரு கலெக்டருக்கு. அழுத்தினால் மூடும் தொடுகை மற்றக் கலெக்டருக்கு. பெடலில் ஒரு ஸ்டீரியோ ஜாக் துளை போட்டு, நுனியையும் வளையத்தையும் அந்த இரண்டு கலெக்டர்களுக்குக் கொடுங்கள். வெளிப்பெட்டியைச் செருகினால் மிதிக்கும்வரை மட்டும் ஒலிக்கும். கழற்றினால் பெடல் கடையில் வாங்கிய நாளில் இருந்ததுபோலவே நடக்கும். எதையும் வெட்டவில்லை, எதையும் கழற்றவில்லை. பின்னாளில் விற்க நினைத்தாலும் குறை சொல்ல ஒரு துளை மட்டுமே இருக்கும்.

எந்தக் கலெக்டர் எந்த நிலை என்று படம் தேடி அலைய வேண்டாம். ஒரு கம்பியின் முனையில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை இணைத்து, மறுமுனையை நிலத்தில் பிடித்து, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். விளக்கு பதில் சொல்லும்.

2025 ஜனவரி 26

கொக்குவில் தம்பி இரண்டும் ஒரே குமிழில் வேண்டும் என்ற பக்கம் வந்துவிட்டார். நண்பரும் கூடவே வந்துவிட்டாராம். மகிழ்ச்சி.

அப்படியானால் கிற்றாரின் ஒலியைச் சுவிட்சுக்குள்ளால் ஓட விடுவதை நிறுத்த வேண்டும். சுவிட்சின் வேலை செய்தி சொல்வது மட்டும். ஒலியை மாற்றுவது ஒரு சிறிய ரிலே, அதாவது மின்சாரத்தால் அசையும் சுவிட்ச். இடையில் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் (புரோகிராம் ஏற்றக்கூடிய சிறு சிப்) இருந்து, கால் எவ்வளவு நேரம் இருந்தது என்று பார்த்து முடிவு செய்யும். எர்த்குவேக்கர் டிவைசஸ் தன் பெடல்கள் பலவற்றில் 'ஃபிளெக்ஸி-சுவிட்ச்' என்ற பெயரில் இந்த நடத்தையைத்தான் தருகிறது. நாம் பழைய பெடலுக்குள் அதையே கட்டப்போகிறோம்.

தேவையானவை: இரண்டு தொகுதி உள்ள 5 வோல்ட் ரிலே (பானசோனிக் டிகியூ2 வகை, சுருள் ஏறத்தாழ 28 மில்லியம்பியர் எடுக்கும்), மைக்ரோகண்ட்ரோலராக ஏடிடைனி13ஏ, 9 வோல்ட்டை 5 ஆக்கும் 78எல்05, ரிலேயை இயக்க ஒரு சிறிய டிரான்சிஸ்டர், சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோட். அந்த டயோடை விடாதீர்கள். ரிலே விடுபடும் கணத்தில் சுருள் திருப்பி அடிக்கும் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைக் கொல்லும். யாழ்ப்பாணத்தில் எல்லாம் ஒரே கடையில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போகிறவர் எவராவது இருந்தால், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்து விடுங்கள். பட்டியலில் 'மெதுவாக அழுந்தும், விட்டால் திரும்பும் சுவிட்ச்' என்று தெளிவாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் பழைய ஒன்பது கால்தான் வந்து சேரும்.

பற்றரியில் ஓட்டுபவர்களுக்கு இது ஒத்துவராது. ஒரு சதுர 9 வோல்ட் பற்றரி இந்த ரிலேயை ஒரு முழு இரவுக் கச்சேரிக்குத் தாங்குவதே பெரிது.

2025 ஜனவரி 27

"புரோகிராம் எழுதத் தெரியாது, 4013 ஒன்றால் முடியாதா?" என்று திருநெல்வேலியிலிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவி.

தட்டினால் மாறும் பகுதி முடியும். 4013 என்பது ஃபிளிப்-ஃபிளாப் உள்ள சிப். 4013இன் டி முனையை எதிர்வெளியீட்டோடு இணைத்தால், ஒவ்வொரு துடிப்புக்கும் நிலை மாறும். 9 வோல்ட்டிலேயே ஓடும்; ரிலேயையும் 9 வோல்ட் வகையாக எடுத்தால் 78எல்05 தேவையில்லை. பிடித்திருப்பதைக் கவனித்து, விடும்போது இன்னொரு துடிப்பு தரும் பகுதிக்கு மெல்ல மாறும் மின்னழுத்தத்தைத் தெளிவான துடிப்பாக்கும் 40106 போன்ற ஒரு ஷ்மிட் சிப்பும் ரெசிஸ்டர், கப்பாசிட்டர் சேர்ந்த நேரச் சுற்றும் வேண்டும். கட்டலாம். கட்டிப் பார்ப்பது நல்ல படிப்பும்கூட. ஆனால் ஏடிடைனி என்ற எட்டுக் கால் சிப் ஒன்று செய்கிற வேலைக்கு இருபத்தெட்டுக் கால்கள். பெடலின் பெட்டிக்குள் அதற்கு இடம் இருக்காது. புரோகிராம் பத்துப் பதினைந்து வரிதான், தங்கச்சி. ஆர்டுயினோ பலகை ஒன்று கையில் இருந்தால் அதையே வைத்து ஏடிடைனியில் ஏற்றிவிடலாம்.

2025 பெப்ரவரி 2

இந்த உரையாடலில் எனக்கு மிக முக்கியம் என்று தோன்றுவதை இன்று எழுதுகிறேன்.

தம்பி எழுதி அனுப்பிய புரோகிராம் ஓடுகிறது. தட்டினால் நிற்கிறது, பிடித்தால் பிடிக்கும்வரை இருக்கிறது. ஆனால் "ஏதோ பிந்துகிறது, தாளத்தில் உட்காரவில்லை" என்கிறார். வாசித்துப் பார்த்தேன். அவர் எழுதியிருக்கும் ஒழுங்கு இது: கால் இறங்கியதும் காத்திரு, 400 மில்லிசெக்கனுக்குள் எடுத்தால் அது தட்டு, நிலையை மாற்று, அதற்கு மேல் போனால் அது பிடி, இப்போது போடு.

தருக்கப்படி பிழை இல்லை. இசைப்படி பெரிய பிழை. நிமிடத்துக்கு 120 தட்டு வேகமுள்ள பாட்டில் ஒரு தட்டு 500 மில்லிசெக்கன். அதில் கால்வாசி 125. சாதாரணமாகக் காலை இறக்கி எடுப்பதற்கே அந்தக் கால்வாசி நேரம் போய்விடுகிறது. காலை எடுக்கும்போதுதான் ஒலி மாறும் என்றால் ஒவ்வொரு முறையும் அவ்வளவு பிந்தும். பிடிக்கும்போதோ நிலைமை இன்னும் மோசம்: 400 மில்லிசெக்கன் கழித்து ஓவர்டிரைவ் வருகிறது, பதில் துண்டின் முதல் சுரங்கள் வெறுமையாகப் போய்விடுகின்றன. பாடகரின் வரிக்குப் பதில் சொல்வதற்காகத்தானே இவ்வளவு பாடுபடுகிறோம்?

ஒழுங்கைத் திருப்பிப் போடுங்கள். கால் பட்ட கணத்தில் எந்த யோசனையும் இல்லாமல் நிலையை மாற்றிவிடு. பிறகு காத்திரு. கால் விரைவாக எழுந்தால் ஒன்றும் செய்யாதே. அது தட்டு, நிலை நிற்கட்டும். கால் நீண்ட நேரம் கழித்து எழுந்தால் பழைய நிலைக்குத் திரும்பு, அது பிடி. இரண்டு வழக்கிலும் முதல் செயல் ஒன்றே என்பதால், தட்டா பிடியா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளத் தேவையே இல்லை. தீர்மானம் எல்லாம் காலை எடுக்கும்போது.

இதில் இன்னொரு நன்மையும் தானாக வருகிறது. ஓவர்டிரைவ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்போது பிடித்தால், பிடித்திருக்கும்வரை அது விலகி நிற்கும். விட்டதும் திரும்பி வரும். கனத்த வாசிப்பின் நடுவே ஒரேயொரு வரியை மட்டும் மென்மையாக விட்டு மீண்டும் கனப்பது கேட்பவரைத் திரும்பிப் பார்க்க வைக்கும். அதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

தொடுகை துள்ளுவதை மறக்க வேண்டாம். சுவிட்சின் உள்ளே இருக்கும் தகடு ஒருமுறை மூடினாலும் சில மில்லிசெக்கன் நேரம் மூடித் திறந்து மூடித்தான் அமைகிறது. அது அமையும்வரை காத்திருந்துவிட்டுச் செயற்படுவதைவிட, முதல் தொடுகையிலேயே செயற்பட்டுவிட்டு அடுத்த 20 மில்லிசெக்கனுக்குச் சுவிட்சைப் பார்க்காமல் இருப்பது மேல். ரிலே அசைவதற்கு எடுக்கும் நேரம் மூன்று நான்கு மில்லிசெக்கன். அது காதுக்குத் தெரியாது.

2025 பெப்ரவரி 3

"இப்போது உட்காருகிறது" என்று ஒரே வரி வந்திருக்கிறது. அந்த ஒரு வரி எனக்குப் போதும்.

2025 பெப்ரவரி 10

நேற்று முற்பகல் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது எல்லோருக்கும் தெரியும். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டதால் வந்த வினை என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஒத்திகையில் இருந்த பலர் அப்படியே நின்றிருப்பார்கள். நல்லூரிலிருந்து ஒருவர் அதை வைத்து நல்ல கேள்வி ஒன்று கேட்டிருக்கிறார்: மின்சாரம் போகும்போது ரிலே எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?

ரிலேயில் இரண்டு வகை. ஒன்று, மின்சாரம் இருக்கும்வரை மட்டும் பிடித்திருந்து, போனதும் ஓய்வு நிலைக்கு விழுவது. மற்றது, ஒரு துடிப்பில் மாறி, மின்சாரம் இல்லாமலேயே அந்த நிலையில் நிற்பது. பின்னதற்கு மின்செலவு மிகக் குறைவு, பற்றரிக்காரர்களுக்கு ஏற்றது. ஆனால் ஓவர்டிரைவ் ஓடும்போது பெடலின் மின்செருகி கழன்றால், ரிலே பெடலின் பக்கமே நின்றுவிடும். மின்சாரம் இல்லாத பெடலுக்குள் கிற்றார் ஒலி போய் அடங்கிவிடும். முன்னது அப்படி இல்லை. மின்சாரம் போன கணத்தில் ரிலே விழுந்து, கிற்றாரை நேரே அம்பிளிஃபயருக்குக் கொடுத்துவிடும்.

ஊர் முழுக்க இருண்டால் அம்பிளிஃபயரும்தான் நிற்கும். அங்கே எந்த வகையும் ஒன்றுதான். மேடையில் அடிக்கடி நடப்பதோ வேறு: யாரோ கம்பியில் கால் தடுக்கி பெடலின் செருகி மட்டும் கழல்வது. அதற்காக முதல் வகையையே சொல்வேன். மின்பிறப்பாக்கி மாற்றும் இடைவெளிக்குப் பிறகு எல்லாம் திரும்பி வரும்போதும், சுத்தமான ஒலியில் தொடங்குவதே பாடகருக்கு மரியாதை.

2025 பெப்ரவரி 12

பாசையூரிலிருந்து ஒரு அக்கா. தேவாலயப் பாடகர் குழுவுக்குக் கிற்றார் வாசிப்பவர். அவரிடம் இருப்பது ஓவர்டிரைவ் அல்ல, பிடி2399 (PT2399) என்ற சிப் உள்ள எக்கோ பெடல். "நிறுத்தினால் எக்கோவின் வால் கத்தரித்ததுபோல நின்றுவிடுகிறது. பாட்டு முடியும் இடத்தில் அது மிகவும் உறுத்துகிறது."

அக்கா, உங்கள் சுவிட்ச் தவறான இடத்தில் வெட்டுகிறது. பெடலின் வெளியீட்டை வெட்டினால் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் எதிரொலியும் சேர்ந்து வெட்டுப்படும். வெளியீடு எப்போதும் இணைந்தே இருக்கட்டும். கிற்றாரின் நேரடி ஒலியும் எப்போதும் போய்க்கொண்டிருக்கட்டும். எக்கோ சிப்புக்குள் நுழையும் பாதையை மட்டும் சுவிட்ச் திறந்து மூடட்டும். அப்போது நிறுத்திய பிறகு புதிதாக எதுவும் உள்ளே போகாது. உள்ளே இருப்பது தானாகத் தேய்ந்து அடங்கும்.

இதோடு மேலே சொன்ன 'பிடித்திருக்கும்வரை' நடத்தையைச் சேர்த்தால், பாட்டின் கடைசிச் சொல்லுக்கு மட்டும் காலை வைத்து எடுக்கலாம். அந்தச் சொல்லோடு வரும் கிற்றார் மட்டும் எதிரொலிக்கும். அடுத்து வாசிப்பது சுத்தமாக இருக்கும். உயர்ந்த கூரையுள்ள தேவாலயத்தில் எக்கோவை அளவோடு வைக்க இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. கட்டடமே ஏற்கெனவே எதிரொலிக்கிறது; பெடலை முழுப் பாட்டுக்கும் ஓட விட்டால் சொற்கள் கூழாகிவிடும்.

2025 பெப்ரவரி 16

எக்கோவோடு கீபோர்டும் வந்துவிட்டது. அதே குழுவில் கீபோர்டின் சஸ்டெயின் பெடல் தலைகீழாக வேலை செய்கிறதாம்: மிதித்தால் நிற்கிறது, விட்டால் நீள்கிறது. பிரித்துப் பார்க்க வேண்டாம். ஓய்வில் திறந்திருக்கும் பெடலும் உண்டு, மூடியிருக்கும் பெடலும் உண்டு. பல கீபோர்டுகள் சுவிட்சைப் போடும் கணத்தில் பெடலைப் பார்த்து அதுவே ஓய்வு நிலை என்று எடுத்துக்கொள்கின்றன. பெடலைச் செருகிவிட்டு, அதன்மேல் காலோ பையோ இல்லாமல் கீபோர்டைப் போடுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

2025 பெப்ரவரி 23

'டப்' என்ற சத்தம் பற்றி மூவர் கேட்டுவிட்டார்கள். பெடலைப் போடும்போது ஸ்பீக்கரில் வரும் அந்த அடி.

காரணம் சுவிட்சில் இருப்பது குறைவு. பெடலின் நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும் இருக்கும் கப்பாசிட்டர்கள் சிறிது கசியும். இணைப்பு அறுந்து தொங்கும் முனையில் அந்தக் கசிவு மெல்ல மின்னழுத்தமாகச் சேரும். மீண்டும் இணைத்ததும் சேர்ந்தது ஒரேயடியாக வடிகிறது, அதுதான் சத்தம். இரண்டு முனைகளிலிருந்தும் நிலத்துக்கு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று போட்டால் சேராமலே வடிந்துகொண்டிருக்கும். ஒலியின் நிறம் மாறாது.

இதை எனக்குக் காதால் காட்டித் தந்தவர் எங்கள் ஒழுங்கையில் வானொலி திருத்திய ஒரு ஐயா. தொண்ணூறுகளில் மின்சாரமும் இல்லை, பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. டைனமோ தரும் மின்சாரம் மேலும் கீழும் ஆடும். அதை வானொலி தாங்கும்படி சமப்படுத்துவதில்தான் அவர் கப்பாசிட்டரைப் படித்தாராம். இந்த 'டப்'பைக் கேட்டதும் மீற்றரை எடுக்கவில்லை. செருகியைக் கழற்றி, விரலை மடக்கிப் பத்துவரை எண்ணிவிட்டு மீண்டும் செருகினார். சத்தம் பெரிதாக வந்தது. எண்ணாமல் உடனே செருகினார், சிறிதாக வந்தது. "சேருகிறது, வடிய வழி கொடு" என்றார். அவ்வளவுதான் பாடம்.

அந்த ரெசிஸ்டர்களுக்குப் பிறகும் ரிலேயின் மெல்லிய 'டிக்' மிஞ்சினால், மாறும் சில மில்லிசெக்கன் நேரம் வெளியீட்டை நிலத்தோடு சேர்த்து மௌனமாக்கும் டிஎல்பி222 வகை ஒப்டோ சுவிட்சை (ஒளியால் இயங்கும் சுவிட்ச்) ஏடிடைனியே இயக்கலாம். அதிக கெயின் (ஒலிப் பெருக்கம்) உள்ள பெடலுக்கு மட்டும் அது தேவைப்படும்.

2025 மார்ச் 2

இதைத் தயவுசெய்து எல்லோரும் வாசியுங்கள்.

"வெறுங்காலால் மிதிப்பதால் பெடலின் இரும்புப் பெட்டியில் ஷொக் அடிக்கிறது. மேலே டேப் ஒட்டிவிட்டேன்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். டேப் ஒட்டியதால் ஆபத்து போகவில்லை. பெடலின் பெட்டியும் கிற்றாரின் தந்திகளும் ஒரே நிலக் கம்பியில் இருக்கின்றன. அவற்றுக்கிடையே மின்னழுத்தம் இல்லை. ஷொக் வருவது அந்த இணைப்புக்கும் ஈர மண்ணுக்கும் இடையில், அல்லது அதற்கும் உங்கள் உதட்டைத் தொடும் மைக்குக்கும் இடையில். பெட்டியை மூடினாலும் தந்தி உங்கள் கையில்தான் இருக்கிறது.

மூலக் காரணம் அம்பிளிஃபயரின் ஏர்த் சரியில்லாதது. 230 வோல்ட் விளையாட்டல்ல. ஏர்த் ஊசியை உடைத்த செருகியைப் பாவிக்காதீர்கள். இரைச்சல் குறைகிறது என்பதற்காக அதைக் கழற்றுபவர்களை நான் பார்த்திருக்கிறேன், இது உயிரோடு சூதாடுவது. மைக்கின் அம்பிளிஃபயரும் கிற்றாரின் அம்பிளிஃபயரும் ஒரே ஏர்த் உள்ள இணைப்பிலிருந்து எடுக்கட்டும். மின்பிறப்பாக்கியில் ஓடும் மேடையில் அதன் நியூட்ரல் நிலத்தோடு இணைக்கப்படாவிட்டால், ட்ரிப் சுவிட்ச் இருந்தும் விழாமல் போகலாம். ஒலிபெருக்கிக்காரரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். கால் வைக்கும் இடத்தில் காய்ந்த இறப்பர் விரிப்பு ஒன்று போடுங்கள்; பாதணி இல்லாமல் வாசிப்பவருக்கு அதுதான் பாதணி. சிறிய கூச்சம்போல உணர்ந்தாலும் வாசிப்பை நிறுத்திவிட்டு மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். பாட்டு காத்திருக்கும்.

2025 மார்ச் 9

400 மில்லிசெக்கன் என்ற எல்லையைப் பற்றி மறுபடியும் யோசித்தேன். நிதானமான பக்திப் பாட்டில் கால் தானே சோம்பி இறங்கி ஏறுகிறது; அங்கே 400 குறைவு, தட்டுகளைப் பிடி என்று எடுத்துக்கொள்கிறது. பைலாவில் கால் துள்ளுகிறது. அங்கே 400 கூட, குறுகிய பதில் துண்டுக்குப் பிடித்து விட்டாலும் தட்டு என்று எண்ணி ஓவர்டிரைவை அப்படியே விட்டுவிடுகிறது. ஒரு எண் எல்லோருக்கும் பொருந்தாது.

ஏடிடைனி13ஏயில் பாவிக்கக்கூடிய கால்கள் ஐந்து. சுவிட்சுக்கு ஒன்று, ரிலேக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று, மௌனமாக்க ஒன்று. மிஞ்சும் ஐந்தாவதில் 10 கிலோ ஓம் சிறு பொட் (திருகி அளவை மாற்றும் ரெசிஸ்டர்) ஒன்றை வைத்து, எல்லையை 200க்கும் 700க்கும் இடையில் திருகாணித் திருப்பியால் வைத்துக்கொள்ளலாம். துடிப்பில் மாறி நிற்கும் ரிலே என்றால் அதற்கே இரண்டு கால்கள் போயிருக்கும், பொட்டுக்கு இடம் இருந்திராது. முதல் வகையை எடுத்ததற்கு இது இரண்டாவது பலன்.

2025 மார்ச் 15

தம்பியின் பெடல் ஒரு கலியாண வீட்டில் ஓடிவிட்டது. ஒரே குறை: நீண்ட நேரம் பிடித்து விட்டால் ஓவர்டிரைவ் சிலவேளை விலகி, உடனே திரும்பி வந்துவிடுகிறதாம்.

துள்ளல்தான். தொடுகை மூடும்போது துள்ளுவதுபோல திறக்கும்போதும் துள்ளும். உங்கள் புரோகிராம் இறங்கும்போது மட்டும் 20 மில்லிசெக்கன் கண்ணை மூடுகிறது, ஏறும்போது மூடவில்லை. கால் எழுந்ததும் வரும் துள்ளலைப் புதிய தட்டு என்று எடுத்து மறுபடி போட்டுவிடுகிறது. அதே 20ஐ ஏறும் பக்கமும் எழுதுங்கள்.

2025 மார்ச் 16

சரியாகிவிட்டதாம். மானிப்பாய்க்காரரின் டிஎஸ்9க்கு வெளிப்பெட்டியும் தயார். ஆனால் கழற்றி மாட்டும்போது நிலை தானாக மாறுகிறது, சுற்று பழுதாகிவிடுமா என்று கேட்கிறார். ஆகாது. ஸ்டீரியோ செருகி உள்ளே போகும்போது நுனி வளையத்தின் தொடுகையை உரசிக்கொண்டு போகும். அந்தக் கணத்தில் தவறான கலெக்டர் நிலத்தைத் தொட்டிருக்கும், அவ்வளவுதான். பாட்டின் நடுவே மாட்டாதீர்கள். மாட்டிவிட்டு ஒலியைத் திறந்தால் போதும்.